இரண்டாவது சிம்முக்குக் குயில் சத்தம்

ஜூன் 2, ஞாயிறு

அவிநாசியில் மூன்று போன் கடை ஏறி இறங்கினோம். ஒன்றும் வாங்கவில்லை. கால் வலிதான் மிச்சம்.

மொரீஷியஸில் ஒரு தையல் கம்பெனிக்கு ஓவர்லாக் டெய்லர்கள் வேண்டும் என்று திருப்பூர் ஏஜென்ட் ஆபீஸில் எழுதிப் போட்டிருந்ததை மகுடிதான் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று வருஷ வேலை. தங்க இடமும் சாப்பாடும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். வரும் ஞாயிறு தைத்துக் காட்டவேண்டும். இரண்டு பேரும் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆளுக்கொரு போன் நம்பர் கேட்டார்கள். காகிதங்களை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்களாம். அம்மாவின் பட்டன் போனில் அது வராது. மகுடியின் போன் போன மாதம் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனது.

தனித்தனியாக வாங்கினால் ஆளுக்கொரு மட்டமான போன்தான் வாங்க முடியும். சேர்ந்து வாங்கினால் நல்லதாக ஒன்று வாங்கலாம், அது அங்கே போயும் உழைக்கும். இரண்டு சிம் போடுகிற போனாக எடுத்து, ஒன்றில் அவள் நம்பர், ஒன்றில் என் நம்பர். இது என் யோசனை. நான் சொன்ன ஒன்றை மகுடி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அவள் முழுப்பெயர் மகுடேஸ்வரி. பனியன் தைக்கும் இடத்தில் எனக்கு அடுத்த மிஷின் அவளுடையது. லைன் வீட்டில் எங்கள் கதவுக்கு அடுத்த கதவும் அவளுடையதுதான். என் பெயர் கருணாம்பிகை. அதைச் சொல்லவேண்டிய இடங்களில் எல்லாம் மகுடிதான் சொல்வாள்.

ஜூன் 5, புதன்

ஓவர்டைம். வீட்டில் அம்மாவுக்கு நூல் பிசிறு வெட்ட ஒரு மூட்டை பனியன் வந்து இறங்கியிருந்தது. நானும் உட்கார்ந்து வெட்டினேன். கண்ணெல்லாம் நூல்.

ஜூன் 8, சனி

போன் வாங்கிவிட்டோம்.

சம்பளம் வாங்கிய கையோடு சாதிக் அண்ணனின் போன் கடைக்குப் போனோம். நான் கேட்கவேண்டியதை மகுடியின் காதில் சொன்னேன், அவள் அதை உரக்கக் கேட்டாள். முதலில் அவர் காட்டிய போனில் இரண்டாவது சிம் போடும் இடமும் மெமரி கார்டு போடும் இடமும் ஒன்றே. ஒன்றைப் போட்டால் மற்றதை எடுத்துவிட வேண்டும். அது வேண்டாம் என்றேன். இன்னொன்று விலை குறைவு. ஆனால் மொரீஷியஸ் டவரெல்லாம் அதில் எடுக்குமா என்று மகுடியைக் கேட்க வைத்தேன். சாதிக் அண்ணன் தன் போனில் ஏதோ தேடிப் பார்த்துவிட்டு, அங்கே போனால் அதில் மணி பார்க்கலாம், வேறொன்றும் பண்ண முடியாது என்றார். மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது. பச்சை நிறம். கையில் வைத்தால் வழுக்கவில்லை.

யார் போகிறீர்கள் என்று கேட்டார். இரண்டு பேரும்தான் என்றாள் மகுடி.

"அங்க போனதீம் அந்த ஊரு சிம் ஒண்ணு வாங்கோணுமல்ல? அப்ப மூணு ஆச்சு. போன்ல ரெண்டுதான போடமுடியும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்தவள் நான், இதை விட்டுவிட்டேன்.

மகுடி சிரித்தாள். "ஒண்ணக் கழட்டி வெச்சுக்கறமுங்ணா. இவளுக்கு ஆரு கூப்படறாங்க?"

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அது உண்மைதானே.

முதல் சிம் அவளுடையது. இரண்டாவது என்னுடையது.

ஜூன் 9, ஞாயிறு

திருப்பூரில் டெஸ்ட் முடிந்தது. ஒரு பனியனுக்குப் பக்கம் சேர்த்து, கை ஏற்றிக் கொடுக்கவேண்டும். மிஷின் புதிது, மிதித்தால் பறக்கிறது. நான் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் எனக்குப் பயமே வருவதில்லை, அங்கே யாரும் என்னிடம் பேசமாட்டார்கள்.

சூப்பர்வைசர் நான் தைத்ததை விளக்குக்கு நேரே பிடித்து இழுத்துப் பார்த்தார். எத்தனை வருஷமாகத் தைக்கிறாய் என்று என்னைத்தான் கேட்டார். மூன்று வருஷமுங்க என்று மகுடி சொன்னாள். அவளுக்கு நூல் இரண்டு தடவை அறுந்தது. மிஷின் சரியில்லை என்று திரும்பி வரும் பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள்.

விமலா மேடம் என்று ஒருவர் எங்கள் நம்பர்களை எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட்டையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் போனில் சொல்வார்களாம்.

ஜூன் 11, செவ்வாய்

இந்தப் போனில் இரண்டு சிம்முக்கும் தனித்தனி மணி வைக்கலாம். மகுடி தன்னுடையதற்கு நாதஸ்வரம் வைத்தாள். யார் கூப்பிட்டாலும் கல்யாண வீடு மாதிரி இருக்கவேண்டுமாம். எனக்கு நான் ஒரு குயிலைத் தேடி எடுத்தேன். ஒருமுறை கூவி, கொஞ்சம் நின்று, மறுபடி கூவும்.

ஒரு நாள் அவளிடம், ஒரு நாள் என்னிடம் என்று பேசியிருந்தோம். இன்று என் முறை. சாயங்காலம் நாதஸ்வரம் அடித்தது. எடுத்து ஹலோ சொன்னால் போதும், பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அதுகூட முடியவில்லை. அடித்து அடித்து நின்றுவிட்டது. அப்புறம் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதுதான் நிம்மதி.

ஜூன் 14, வெள்ளி

மத்தியானம் டீ விடும் நேரத்தில் முதல்முறையாகக் குயில் கூவியது. விமலா மேடம். என் விவரங்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். மகுடி என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "கருணாம்பிகை பேசறனுங்க" என்றாள்.

அவள் குரலே இல்லை அது. மெல்லிசாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று வந்தது. நான் வெட்டுத்துணியில் சாக்பீஸால் அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் என்று எழுதி எழுதிக் காட்டினேன். அவள் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். வைத்த பிறகு இருவரும் மிஷின்மேல் சாய்ந்து சிரித்தோம்.

"எப்படி? உன்ற கொரலு மாதிரியே இருந்துச்சா?"

என் குரலைவிட நன்றாக இருந்தது. எனக்கு ஒரு குரல் இருந்தால் அப்படி இருக்கலாம் என்று தோன்றியது.

எட்டாவதில் தமிழ் டீச்சர் என்னை எழுந்து வாசிக்கச் சொல்வார். எனக்கு எல்லா வரியும் தெரியும். வாய் மட்டும் திறக்காது. திறக்கும்வரை நில் என்று சொல்லி மணியடிக்கும்வரை நிறுத்தி வைப்பார். ஊமைச்சி என்று பசங்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வருஷ லீவுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவுக்கு என்னை அனுப்ப மனமில்லை. வாயில்லாத பிள்ளையைக் கடல் தாண்டி எப்படி அனுப்புவது என்கிறாள். மகுடி கூட வருகிறாள் என்பதால்தான் சம்மதித்தாள். இன்று கோயிலுக்குப் போய் வந்து, மகுடியைக் கூப்பிட்டு உட்காரவைத்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

"எம்புள்ளைய உன்னைய நம்பித்தான் உடறேன் அம்மிணி. உட்டுப்போடாத."

"அட, உடுவனாங்க்கா? இவ இல்லாம நானெங்க போறேன்?" என்றாள் மகுடி. அப்போதே ஒரு தட்டு உப்புமாவும் சாப்பிட்டாள்.

போனில் மொரீஷியஸ் படங்களைப் பார்த்தோம். கடல், கரும்புக்காடு, காவடி எடுத்துப்போகும் ஆட்கள். அங்கேயும் முருகன் கோயில் இருக்கிறது. மகுடி கடலைப் பார்த்தாள். நான் தெருவில் நடக்கும் ஆட்களைப் பார்த்தேன். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அங்கே என்னை இதுவரை யாரும் ஊமைச்சி என்று கூப்பிட்டதில்லை. போய் இறங்கிய முதல் நாளே யாராவது பெயர் கேட்டால் உடனே சொல்லிவிடவேண்டும். முதல் தடவை சொல்லிவிட்டால் அப்புறம் பழகிவிடும். தினமும் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

இன்னும் கூப்பிடவில்லை. பவர் கட். கைவிசிறி ஒடிந்துவிட்டது.

ஜூலை 4, வியாழன்

மத்தியானம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது குயில் கூவியது. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் திரும்புவதற்குள் மகுடி போனை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போய்விட்டாள். நான் தைத்துக்கொண்டிருந்த கையை முடித்து அடுத்த கையும் ஏற்றிவிட்டேன், அதன் பிறகுதான் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

யார் என்று கேட்டேன்.

"ரீசார்ஜ் ஆஃபராம். உன்ற நம்பருக்கு. உசுர வாங்கறானுக."

சாயங்காலம் அவளே எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலை 5, வெள்ளி

மகுடியை எடுத்துவிட்டார்கள். என்னை எடுக்கவில்லை.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் சொன்னாள். நேற்றே அவள் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லையாம். எனக்கு அடுத்த பேட்சில் பார்க்கலாம் என்றார்களாம். நானும் போகமாட்டேன் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள். கையை விடுவித்துக்கொண்டு, அதெல்லாம் வேண்டாம், நீ போ என்றேன்.

நேற்று நாதஸ்வரம் எப்போது அடித்தது என்று தெரியவில்லை. மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

ஜூலை 6, சனி

தலைவலி என்று வேலைக்குப் போகவில்லை. தலை வலிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

என் தையலில் என்ன குறை என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். விமலா மேடத்திடம் கேட்கலாம், நம்பர் போட்டுக் கொடு என்று மகுடியிடம் சொன்னேன். போனைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீயா பேசப்போற?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நானே ஒருநாள் கேட்டுச் சொல்கிறேன், நீ கம்மென்று இரு என்றாள்.

அவளுக்குப் பயணத்துக்கு ஒரு பை தைக்கிறேன். கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரு அறையில் பாஸ்போர்ட், ஒரு அறையில் போன். போன் அளவை நான் அளக்கவேண்டியிருக்கவில்லை, கைக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடி நோம்பி. லைன் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் தூரி கட்டினார்கள். மகுடி எனக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்து போட்டுவிட்டாள். இருவரும் எதிரும் புதிருமாக நின்று ஆடினோம். மேலே போகும்போது அவள் அழுதாள். ஏன் என்று கேட்டேன். ஊரை விட்டுப் போகிறேனே என்றாள். பெரிய பெண்கள் ஊஞ்சலில் அழுதால் மழை வரும் என்று யாரோ கேலி செய்தார்கள். மழை வரவில்லை.

அம்மா பச்சைப்பயறு பாயசம் வைத்தாள். மகுடிக்கும் ஒரு சொம்பு கொடுத்தனுப்பினாள். ஆனால் அவளிடம் முன்போலப் பேசுவதில்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று அம்மாவுக்குக் கோபம். அவள் என்ன செய்வாள், அவளைத்தானே எடுத்தார்கள் என்று நான் சொன்னேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மகுடி சென்னைக்குப் போய்விட்டாள். அங்கே மெடிக்கல், ஒரு வாரம் டிரெயினிங், அப்புறம் ஃபிளைட்.

கிளம்பும் நேரத்தில்தான் சிம் ஞாபகம் வந்தது. ஏர்போர்ட்டில் இறங்கியதும் அந்த ஊர் சிம் கொடுத்துவிடுவார்களாம், அதற்கு இடம் வேண்டும். அவளுடையதை எடுக்க முடியாது, அவள் அப்பா கூப்பிடுவார், பேங்கிலிருந்து மெசேஜ் வரும். சிம் எடுக்கும் ஊசியைக் காணோம். மகுடி குண்டூசியை வைத்துக் குத்திக் குத்திப் பார்த்தாள், வரவில்லை. நான் வாங்கி, என் தாவணியிலிருந்து ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் ஒரே அழுத்து. தட்டு வெளியே வந்தது. என் சிம்மை நானே எடுத்தேன்.

அதை ஒரு வெட்டுத்துணியில் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். போனுக்கு நான் போட்ட பங்கை அங்கிருந்து அனுப்பிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தைத்த பையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

பஸ் ஏறும்வரை அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. அழுதுவிடுவோம் என்று பயந்திருப்பாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அடுத்த மிஷின்மேல் துணி போட்டு மூடியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ராத்திரிச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பட்டன் போன் அடித்தது. அதில்தான் இப்போது என் சிம்மையும் போட்டிருக்கிறோம். அம்மா எடுத்து, உனக்குத்தான் என்று என்னிடம் நீட்டிவிட்டுப் பிசிறு வெட்டப் போய்விட்டாள். மகுடி இல்லை. கொடுக்க ஆள் இல்லை. காதில் வைத்தேன்.

"கருணாம்பிகை இருக்காங்களா?" விமலா மேடம்.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான்தான் என்று சொன்னேன்.

"யாரும்மா நீங்க? தங்கச்சியா? கருணாம்பிகைகிட்டக் குடுங்க."

நான்தானுங்க கருணாம்பிகை என்றேன்.

"அவங்க குரல் எனக்குத் தெரியும்மா, ரெண்டு மூணு தடவை பேசியிருக்கேன். சரி, யாரா இருந்தாலும் அவங்ககிட்டச் சொல்லிடுங்க. வேலை வேண்டாம்னு சொன்னதால பாஸ்போர்ட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். நாளைக்கே வரச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். சோறு குழைந்துவிட்டது. அம்மா திட்டினாள்.

வேலை வேண்டாம் என்று யார் சொன்னது? எடுக்கவில்லை என்றுதானே சொன்னாள். ஆபீஸில் பெயரை மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 14, புதன்

பெயரை மாற்றிப் பார்க்கவில்லை.

விமலா மேடம் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தையும் என் முகத்தையும் பார்த்தார். அப்புறம் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன்.

"டயாலிசிஸ் பண்றவங்களைக் கவனமாப் பாத்துக்கணும்மா. அன்னிக்குப் போன்ல நீங்க அழுதப்போ எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. டெஸ்ட்ல உங்க தையல்தான் முதல்ல வந்துச்சு. உங்க ஃப்ரெண்டு எடுபடலை. என் இடத்தை மகுடேஸ்வரிக்குக் குடுங்கன்னு நீங்க அவ்வளவு கேட்டுக்கிட்டதாலதான் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிச் சேர்த்தோம். அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?"

நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் அவ்வளவு பேசினீர்கள், நேரில் வாயே திறக்கவில்லையே என்று சிரித்தார். அந்தப் பெண் இன்னும் சென்னையில்தான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட் என்றும் சொன்னார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. என் அம்மா அவளுக்கு நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள், உப்புமா கொடுத்தாள். அந்த அம்மாவையே மகுடி பொய்யாகப் படுக்கையில் போட்டுவிட்டாள். நான் வந்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். சும்மாதான் சாய்ந்திருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. அம்மா வெளியே போன பிறகு மகுடியின் நம்பரைப் போட்டேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே போன் இருந்ததால் அவளை நான் ஒருநாளும் போனில் கூப்பிட்டதில்லை. என் நம்பரை அவள் சேமித்து வைக்கவும் இல்லை, எதற்கு வைக்கப்போகிறாள்? எடுத்தாள்.

"ஹலோ."

"நான்தான்."

"நான்தான்னா ஆருங்க?"

அவளுக்கு என் குரல் தெரியவில்லை. விமலா மேடத்துக்குத் தெரியாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் குரலைப் போலப் பேசிக் காட்டியவளுக்கு என் குரல் தெரியவில்லை.

"கருணாம்பிகை பேசறேன்."

பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து எங்கோ நடந்து போனாள், சத்தம் குறைந்தது. முதலில் அவள் கேட்டது இதுதான்.

"மேடத்துகிட்டச் சொல்லிப்போட்டியா?"

எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. இல்லை என்றேன். அவள் மூச்சு விட்டது கேட்டது. அப்புறம் வேகவேகமாகப் பேசினாள். தான் டெஸ்டில் தேறாதது அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். மேடம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது சந்தோஷமாகத்தான் எடுத்தாளாம், பேசப் பேச வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். அழுகை வந்தது மட்டும் நிஜமாம்.

"நீயே சொல்லு கருணா. நானில்லாம தனியாப் போயி என்ன பண்ணுவ நீ? சோறு வேணும்னு கேப்பியா? வவுறு வலிக்குதுன்னா ஆருகிட்டச் சொல்லுவ? ஒருத்திதான் போகமுடியும்னா பேசத் தெரிஞ்சவ போகட்டுமேன்னு நெனச்சேன். உன்னைய எனக்குத் தெரியாதா?"

"எங்கம்மாவ எதுக்குச் சொன்ன?"

நான் காத்திருந்தேன். என்னிடம் பேசும்போது அவள் நிறுத்தியது இதுதான் முதல் தடவை. அப்புறம், மேடத்திடம் சொல்லிவிடாதே, அங்கே போய் உனக்கும் இடம் கேட்கிறேன் என்றாள்.

குயிலை மாற்றிவிட்டாயா என்று கேட்டேன்.

"எந்தக் குயிலு?"

வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மாவிடம் ராத்திரியே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கதவைத் தட்டி மகுடியின் அப்பாவை நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பினாள். சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் தனியாகத் திருப்பூர் போனேன். விமலா மேடம் முன்னால் போய் நின்றேன். என்ன என்று கேட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் வரவில்லை. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன், எட்டாவது வகுப்பில் நின்றதுபோல. அவர் வேறு யாருடனோ பேசிவிட்டுத் திரும்பினார். அப்போதும் நின்றுகொண்டிருந்தேன்.

"போன்ல பேசுனது நானில்லீங்க," என்றேன். "எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கு வேல வேணும்."

முதலில் அவர் நம்பவில்லை. ஒவ்வொரு பேட்சிலும் போகாதவர்கள் போகிறவர்கள்மேல் இப்படி ஏதாவது சொல்வதுண்டு என்றார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது பேனாவைக் கீழே வைத்தார். செவ்வாய்க்கிழமை போனில் பேசியது நீயா என்றார். ஆமாம் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

விசாவும் டிக்கெட்டும் மகுடேஸ்வரி பெயரில் போட்டாகிவிட்டது. நான் எழுதிக் கொடுத்தால் அவளை நிறுத்திவிடுவார்கள், ஆனால் அந்த இடம் எனக்கு வராது. வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுதும்மா, இதை விடக்கூடாது என்றார்.

நான் எழுதவில்லை. நல்ல மனசு என்று அவர் நினைத்துக்கொண்டார், இந்தமுறையும். அதெல்லாம் இல்லை. எழுதிக் கொடுத்தால் அவள் திரும்பி வருவாள். திங்கட்கிழமை மூடியிருக்கும் அந்தத் துணியை எடுத்துவிட்டு என் அடுத்த மிஷினில் உட்காருவாள். டீ வாங்கிக் கொடுப்பாள். எனக்காக எல்லோரிடமும் பேசுவாள். என்னால் அதைத் தாங்க முடியாது.

தை மாதம் அடுத்த பேட்ச். அந்தக் கம்பெனிக்காரர்கள் இனி போனில் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். பேசுவாயா என்று கேட்டார். பேசுகிறேன் என்றேன். பழைய நம்பர்தானா என்றார். அதேதான் என்றேன். பாஸ்போர்ட்டைத் திரும்ப அவரிடமே கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மாவும் நானும் ஒரு மூட்டை பிசிறு வெட்டி முடித்தோம். மேலே ஏதோ ஒரு விமானம் போனது. அது எதுவென்று யாருக்குத் தெரியும்? அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மகுடியின் அப்பா வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அவளுடைய மொரீஷியஸ் நம்பர். உன்னிடம் கட்டாயம் கொடுக்கச் சொன்னாள், உன்னோடு பேசவேண்டுமாம் என்றார். வெள்ளந்தியாகச் சிரித்தார். இரண்டு பெண்களும் ஒன்றாகவே வளர்ந்தவர்கள், பிரிந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். நான் அவருக்கு மோர் கொடுத்தேன்.

அப்புறம் சாதிக் அண்ணன் கடைக்குப் போனேன். வெளிநாட்டுக்குக் கூப்பிட வேண்டும், பணம் போட்டு விடுங்கள் என்று சொன்னேன். எந்த நாடு என்றார். மொரீஷியஸ் என்றேன். அவர் நம்பரைத் தட்டிக்கொண்டே, போன் அங்கே நன்றாக எடுக்கிறதா, ஒரு சிம்மைக் கழற்றிவிட்டீர்களா என்று கேட்டார். கழற்றிவிட்டோம் என்றேன்.

திரும்பும் வழியில் பள்ளிக்கூட மதில் ஓரம் நின்று அந்த நம்பரைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அடித்தது.

அந்த ஊர் சிம்மை என் சிம் இருந்த இடத்தில்தான் போட்டிருப்பாள். அந்த இடத்துக்கு மணி நான் வைத்தது. எந்தக் குயில் என்று கேட்டவளுக்கு அதை மாற்றத் தோன்றியிருக்காது. அங்கே மிஷின் வரிசைக்கு நடுவிலோ, படுக்கும் இடத்திலோ, நான் தைத்த பைக்குள்ளிருந்து, அவள் நெஞ்சுக்கு மேலே குயில் கூவுகிறது. ஒருமுறை கூவி, கொஞ்சம் நின்று, மறுபடி கூவும். இனி அங்கே அவளை யார் கூப்பிட்டாலும் இப்படித்தான் கூவும்.

"ஹலோ," என்றாள். "ஹலோ, ஆருங்க?"

அவள் இரண்டாவது தடவை கேட்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன்.